நெருப்பில்லாத மேசை

இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே கொண்டைக்கடலை உருண்டுகொண்டிருந்தது. அதிகம் அழுத்தினால் கடலை நசுங்கும், பிடி தளர்ந்தால் தோல் கழலாது. டப்பாவில் வெந்தே வரும் கடலை அது. தண்ணீருக்குள் பத்துப் பன்னிரண்டு முறை உருட்டியதும் தோல்கள் கண்ணாடித்தாள் மாதிரி மேலே மிதந்து வந்தன. கைகள் அவற்றை வழித்தெடுத்துவிட்டு மறுபடியும் உள்ளே போயின. மூன்று தடவை தண்ணீர் மாற்றிய பிறகுதான் கடலை வடிதட்டுக்கு வந்தது.

பிறகு மசித்தல். முள்கரண்டியால், கிண்ணத்தின் ஓரத்தில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. எள் விழுது மூன்று மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு இரண்டு, பூண்டு அரைப் பல், உப்பு முக்கால் தேக்கரண்டி தலைதட்டி, கடைசியாக ஆலிவ் எண்ணெய். ஒவ்வொன்றையும் அந்தக் கைகள் கரண்டியால் அளந்தே போட்டன. முப்பது வருஷத்துக்கு மேல் சமையலறையில் கிடந்த ஒருவர் உப்பைக்கூடக் கண்ணளவாகப் போடுவதில்லை என்பதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவர் அடுத்த கரண்டியை அளப்பார்.

மேசை எவர்சில்வர். அறை பத்தடிக்கு எட்டடி. ஒரு குளிர்பெட்டி, ஒரு தொட்டி, இரண்டு அலமாரி. சுவரில் அடுப்பு இருந்த இடம் மட்டும் வேறு நிற ஓடு பதித்து மூடியிருந்தது. ஒரு சின்ன ஜன்னல் வழியாக அடுத்த கூடத்துக்குத் தட்டுகளை நீட்டலாம். கூடத்தில் நாற்பது நாற்காலிகள். கூடத்தைத் தாண்டி ஒரு நடை, நடைக்கு அப்பால் இரண்டு உலைகள். அது மின் மயானம். உடலை உள்ளே அனுப்பியவர்கள் அஸ்தி கைக்கு வரும்வரை ஏறக்குறைய இரண்டு மணி நேரம் அந்த நாற்காலிகளில் காத்திருப்பார்கள். அவர்களுக்குத்தான் இந்த ரொட்டி.

சூடாக எதுவும் கொடுப்பதில்லை என்பது அந்த இடத்தின் வழக்கம். யாரும் யோசித்து வகுத்த விதி அல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. முன்பு இங்கே ரொட்டி வாட்டும் கருவி இருந்தது. ஒருநாள் ஒரு துண்டு சிக்கிக்கொண்டு புகைந்தது. கூடத்தில் இருந்த இருபது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்களாம். ஒருவர் மட்டும் வெளியே போய் வாந்தி எடுத்தார். அன்றோடு கருவி போயிற்று, அடுத்த மாதம் அடுப்பும் போயிற்று. இறைச்சி அதற்கும் முன்பே நின்றுவிட்டது. கொடுத்த தட்டுகள் அப்படியே திரும்பி வந்ததால் தானாக நின்றது. பிறகு கொஞ்ச காலம் வெண்ணெயும் ஜாமும் தடவிய ரொட்டி. அதிலும் பாதி குப்பைக்குப் போனது. துக்கத்தில் இருக்கிறவர் நாக்குக்கு இனிப்பு ஒட்டவில்லை.

இவர் வந்த பிறகுதான் தட்டுகள் காலியாகத் திரும்பின. கடலை விழுது, உப்பில் ஊறிய வெள்ளைச் சீஸ், வெள்ளரிக்காய், தக்காளி, ஆலிவ், புதினா. எல்லாம் பச்சையாக, குளிர்ச்சியாக. அவர் பார்த்துப் பார்த்து மாற்றியவை நிறைய. வெள்ளரியை மெல்லிசாகச் சீவி உப்புப் போட்டுப் பிழிந்துவிடுவார். தண்ணீர் வடியாது என்பது ஒன்று, கடிக்கும்போது சத்தம் வராது என்பது இன்னொன்று. அந்தக் கூடத்தில் ஒருவர் நறுக்கென்று கடித்தால் நாற்பது பேர் திரும்புவார்கள். தக்காளியின் விதையை எடுத்துவிடுவார், உடுப்பில் சொட்டக்கூடாது. ஆலிவைக் கொட்டை நீக்கியதாகவே வாங்கினாலும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்ப்பார். ஓரம் வெட்டி, இரண்டாக நறுக்கி, ஒரு கையால் பிடிக்கிற அளவில் வைப்பார். இன்னொரு கையை யாராவது பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

அவரை எல்லோரும் கப்பல் என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தாறு வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையலறை வேலை. கப்பல் சமையலறையில் அடுப்புப் பக்கம் ஒன்று, குளிர் பக்கம் ஒன்று. குளிர் பக்கத்துக்காரனை யாரும் சமையல்காரன் என்று சொல்லமாட்டார்கள், காய் வெட்டுகிறவன் என்பார்கள். அவருக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மத்தியதரைக் கடல் துறைமுகங்களில் கப்பல் நிற்கும் அரை நாளில், மற்றவர்கள் சுற்றப் போக, இவர் ரொட்டிக் கடைகளின் முன்னால் நின்று பார்ப்பார். கடைக்காரியின் கை எதை முதலில் வைக்கிறது, எண்ணெய் ரொட்டியில் படுகிறதா காயில் படுகிறதா, எவ்வளவு நேரம் துணியில் சுற்றி வைக்கிறாள். திரும்பி வந்து அதைச் செய்து பார்ப்பார். தவறினால் மறுபடியும் செய்வார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கப்பலின் குளிர்பதன அறையில் அமோனியா கசிந்தது. உள்ளே சீஸ் எடுக்கப் போயிருந்தவர் அவர். நான்கு நாள் கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். கண் திரும்பி வந்தது. மூக்கு வரவில்லை.

கரையில் மூன்று சமையலறைகள் அவரை வெளியே அனுப்பின. ஒரு ஓட்டலில் கெட்டுப்போன கிரீமைப் பரிமாறிவிட்டார். ஒரு விடுதியில் கேஸ் கசிந்து எல்லோரும் ஓடியபோது இவர் மட்டும் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். திரும்பி வந்த தலைமைச் சமையல்காரர் அவரைத் திட்டக்கூட இல்லை. "உங்கள வச்சிக்கிட்டு இருந்தா ஒருநாள் நாங்க எல்லாரும் சேர்ந்து போயிடுவோம், பெரியவரே" என்றார். மூன்றாவது இடம் ஒரு பேக்கரி. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

மயானத்தின் மேற்பார்வையாளர் அவரை வேலைக்கு எடுத்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இங்க வாடை இருக்கும். தாங்குவீங்களா?"

"தாங்குவேன் சார்."

அது பொய்யில்லை. அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவும் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது மனைவி முதலில் சிரித்தார். "ஊர்ல யாருக்கும் பிடிக்காத வேலை, உனக்குன்னு தச்ச சட்டை மாதிரி இருக்கு" என்றார். அப்புறம் எழுந்துபோய், ராத்திரிப் பால் கெட்டிருக்கிறதா என்று அவருக்காக மோந்து பார்த்தார். ஐம்பத்தேழு வயதில் இனி எந்தச் சமையலறையும் அவரைச் சேர்க்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. இந்த மேசை போனால் அடுத்தது ஏதாவது ஒரு வாசலில் காவல்தான்.

மயானத்தில் அவர் விஷயம் தெரிந்தது ஒருவருக்கு மட்டும். தரை துடைக்கும் அக்கா. இரண்டாவது வாரமே பிடித்துவிட்டாள். அறைக்குள் நுழைந்தவள் முகத்தைச் சுளித்து, அவர் கையிலிருந்த சீஸ் டப்பாவைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள்.

"என்ன கப்பலு, இது செத்து மூணு நாளாச்சு. உனக்கும் மூக்குல பஞ்சு வச்சாச்சா?"

அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அக்கா அவரையே பார்த்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, குளிர்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து மோந்து பார்த்து வைத்தாள். அன்றிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. "உன் மூக்கு ரிட்டயர்டு, என்னுது ஓவர்டைம்" என்பாள். "நல்லா இருக்குன்னு தட்டு காலியா வந்தா பேரு உனக்கு. மூக்கு யாருது?" ஆனால் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தவறு நடந்த அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

மொத்தக் கடையில் கப்பல் புதிதாக ஒரு கண்ணாடிப் புட்டியைப் பார்த்திருந்தார். சுட்டுத் தோலுரித்து எண்ணெயில் போட்ட சிவப்புக் குடைமிளகாய். கப்பலில் கைப்பழக்கமான சரக்கு. ஆறு வருஷமாகத் தொடவில்லை. மூடியைத் திறந்து இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். பட்டுத் துணி மாதிரி வழுக்கியது. இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கறுப்புத் துணுக்குகள். அது நெருப்பில் நேராகச் சுட்டதற்கு அடையாளம், நல்ல சரக்கு என்பதற்கும் அதுதான் அடையாளம். இந்த அறையில் எதையும் சுடக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். அவர் சுடவில்லை. புட்டியிலிருந்து வருவதைத் தன் கை சுட்டதாக அவர் எண்ணியதே இல்லை. அன்றைய ரொட்டிகள் பதினெட்டிலும் அதை வைத்தார்.

மூன்றாம் நாள் ஒரு கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் அதை இந்த மேசைமேல் வைத்துப் படிக்கச் சொன்னார். "என் அப்பா உள்ளே எரிந்துகொண்டிருந்த நேரத்தில் எனக்குக் கொடுத்த ரொட்டியைப் பிரித்தபோது கருகிய தோல் இருந்தது. கருகிய வாசனை வந்தது. இதைச் செய்தவருக்கு மூக்கு இல்லையா?"

கடைசி வரியில் அவர் கண் நின்றுவிட்டது. தெரிந்துபோயிற்று என்றே நினைத்தார்.

"கோபத்துல எழுதியிருக்காங்க" என்றார் மேற்பார்வையாளர். "அதுக்காக, மூக்கு இல்லையான்னா கேப்பாங்க? நீங்க மனசுல வச்சிக்காதீங்கண்ணே. ஆனா மேல இருக்கறவங்க சும்மா விடமாட்டாங்க."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான், தவறைவிட, மூன்று மாதமாக அவரைத் தின்றுகொண்டிருந்தது.

சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள். சுட்டது, வறுத்தது, புகையூட்டியது எதுவும் கூடாது, டப்பாவில் வந்தாலும் கூடாது. இன்னொரு புகார் வந்தால் அறையை மூடிவிட்டு, காசு போட்டால் பொட்டலம் தள்ளும் இயந்திரத்தை வைப்பது என்று முடிவாகியிருந்தது. இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து சுவரை அளந்துவிட்டும் போனார்கள். அவர்கள் அளக்கும்போது அவர் வெள்ளரிக்காய் பிழிந்துகொண்டிருந்தார். கொஞ்சம் நகர்ந்துக்குங்க என்றதும் நகர்ந்துகொண்டார்.

இன்று காலை கடலை மசித்து முடித்து மூடி போட்ட நேரத்தில் மேற்பார்வையாளர் வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அண்ணே, பதினொண்ணரைக்கு ஒண்ணு இருக்கு. அந்த லெட்டர் வீடு."

"யாரு?"

"அந்தம்மாவோட அம்மா. அப்பா போயி மூணு மாசம்தான் ஆகுது."

கப்பல் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சாப்பாடு எதுவும் வேணாம்னு போன்லயே சொல்லிட்டாங்க. ஒன்பது பேர்தான் வராங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க. பத்து மணி ஆளுங்களுக்குக் குடுத்துட்டு ஜன்னலச் சாத்திடுங்க. அவங்க போறவரைக்கும் கூடத்துப் பக்கம் வரவே வேணாம். அவங்க கண்ணுல நீங்க படலேன்னா அதுவே போதும்."

"சரிங்க சார்."

"உங்களுக்காகத்தான் சொல்றேன்."

"தெரியுது சார்."

அவர் போனதும் அக்கா உள்ளே வந்தாள். வழக்கம்போல் டப்பாக்களை மோந்தாள். புதினாக் கட்டை மட்டும் இரண்டு முறை மூக்கில் வைத்து எடுத்தாள்.

"எல்லாம் உசுரோட இருக்கு" என்றாள். "அந்தப் பொண்ணு வருதாமே."

"ஆமாக்கா."

"உள்ளயே கெட. உன்னை யாரும் தேடப்போறதில்ல."

பத்து மணிக்காரர்களுக்கு இருபத்திரண்டு. ரொட்டித் துண்டுகளை ஜோடி ஜோடியாகப் பரப்பினார். ஒரு துண்டில் கடலை விழுது, ஓரம் வரைக்கும். இன்னொன்றில் எண்ணெய் தடவி அதன்மேல் சீஸை உதிர்த்தார். எண்ணெய் பட்ட ரொட்டி தண்ணீர் குடிக்காது. நடுவில் வெள்ளரி, தக்காளி, நான்காக அரிந்த ஆலிவ், கிள்ளிய புதினா இலை. மூடி, ஈரத்துணி போர்த்தி, மேலே பலகையும் பலகைமேல் இரண்டு கடலை டப்பாவும் வைத்துக் கால் மணி நேரம் அழுத்தினார். வெட்டும்போது எதுவும் பிதுங்கவில்லை.

உலை இயக்குகிறவர் நடை வழியாக எட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டே வருகிறவர்.

"கப்பல், கரை சேர்ந்தாச்சா?"

"உங்களுக்கு ரெண்டு தனியா வச்சிருக்கேன்."

"மூணு வையி. இன்னிக்கு ரெண்டு உலையும் ஓடுது, உக்காரவே நேரம் இல்ல." வாங்கிக்கொண்டு, குரலைத் தணித்தார். "அந்த வீட்டு அம்மா ரொம்பச் சின்ன உடம்பாம். சீக்கிரம் முடிஞ்சிடும். நீ கவலப்படாத."

ஆறுதலாகத்தான் சொன்னார். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலாகி, ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றரைக்கு வண்டி வந்த சத்தம் கேட்டது. ஜன்னல் சாத்தியிருந்தது. கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் ஒலி, ஒரு குழந்தையை யாரோ அடக்கும் குரல், பிறகு எதுவுமில்லை. நடையில் தள்ளுவண்டியின் சக்கரங்கள் உருண்டு போயின. கனமான கதவு மூடிக்கொண்டது. கப்பல் செய்ய வேலை இல்லாமல் கத்திகளைக் கழுவினார். கழுவியவற்றையே திரும்பவும் கழுவினார்.

அரை மணி போயிருக்கும். பக்கக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் அவள் நின்றிருந்தாள். நாற்பது நாற்பத்தைந்து வயது. தோளில் ஒரு துணிப்பை. கண்கள் சிவந்திருக்கவில்லை, வறண்டிருந்தன.

"இங்க ரொட்டி செய்யறது நீங்கதானா?"

"ஆமாம்மா."

"அந்த லெட்டர் எழுதினது நான்."

"தெரியும்மா."

நடையைத் துடைத்துக்கொண்டிருந்த அக்கா கையை நிறுத்தினாள். அவளைத் தாண்டி மேற்பார்வையாளர் வேகமாக வந்தார்.

"மேடம், இங்க எதுக்கு நீங்க? என்ன வேணும்னாலும் என்கிட்ட சொல்லுங்க. இவர உங்க முன்னாடி வரவேண்டாம்னுதான் சொல்லியிருந்தேன்."

"இவர்கிட்டதான் பேசணும்."

உள்ளே வந்தாள். துணிப்பையிலிருந்து ஒரு கண்ணாடிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். சிவப்புக் குடைமிளகாய். பாதி காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் புட்டியைப் பார்த்தார், சுவரிலிருந்த தாளைப் பார்த்தார், கப்பலைப் பார்த்தார்.

"அம்மா வீட்டு ஃப்ரிட்ஜில இருந்துச்சு" என்றாள். "முந்தாநாள்தான் திறந்து பார்த்தேன். உள்ள பெருசா ஒண்ணும் இல்ல. பால், அரை எலுமிச்சம்பழம், இது. எங்கம்மா கடைக்குப் போயி இதையெல்லாம் வாங்கற ஆளே இல்ல. புட்டியில ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. இந்த மயானத்து ரசீது. அதுக்குப் பின்னால யாரோ இதோட பேர எழுதியிருக்காங்க."

"நான்தாம்மா எழுதினேன்."

அவருக்கு அப்போதுதான் அந்த முகம் நினைவுக்கு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கிட்டத்தட்டத் தலை மட்டும் தெரிந்த ஒரு கிழவி. சிவப்பா இருக்கே, அது என்னப்பா என்று கேட்டாள். புட்டியைக் காட்டினார். பேரை எழுதிக் கொடு என்று ரசீதை நீட்டினாள். இறந்தவரின் மனைவி என்று அவருக்குத் தெரியாது. யாரோ தூரத்து உறவு என்று நினைத்துக்கொண்டார், ஏனென்றால் அவள் நன்றாகச் சாப்பிட்டிருந்தாள்.

"அன்னிக்கு நான் பிரிச்சுப் பாத்துட்டுத் தூக்கிப்போட்டேன்" என்றாள் மகள். "பக்கத்துல அம்மா சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. முழுசா. விரல்ல ஒட்டினதக்கூட விடல. அப்பா உள்ள இருக்காரு. எனக்குத் தாங்கல. எப்படிம்மா உனக்கு இறங்குதுன்னு கேட்டேன். எல்லார் முன்னாடியும்."

புட்டியின் மூடியை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"அம்மா வாயத் துடைச்சிக்கிட்டாங்க. அதுக்கப்புறம் நான் போனா எனக்கு முன்னாடி எதையுமே சாப்பிடமாட்டாங்க. இப்பதான் சாப்பிட்டேன்னுவாங்க. நானும் விட்டுட்டேன். மூணு மாசம். தனியா உக்காந்து இதைச் செஞ்சு தின்னுருக்காங்க." நிறுத்தினாள். "நான் எழுதினது பொய் இல்ல. அந்த வாடை இருந்தது."

"இருந்திருக்கும்மா."

"எனக்கு அன்னிக்குக் குடுத்த மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. இதையே வச்சு."

மேற்பார்வையாளர் சுவரிலிருந்த தாளைக் காட்டினார். "மேடம், இது இங்க அனுமதி இல்ல. நீங்க எழுதினதாலதான் இந்த உத்தரவே. வெளியில வச்சு வேணும்னா..."

"நான் எழுதினேன். நானே கேக்கறேன்."

கப்பல் புட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். மிளகாய் எண்ணெய்க்குள் முங்கியிருந்தது. குமிழி இல்லை, கலங்கல் இல்லை. மூடியைத் திறந்தார். உள்விளிம்பு சுத்தமாக இருந்தது. அந்தக் கிழவி கரண்டியைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டிருக்கிறாள். ஆனால் எப்போது திறந்ததென்று தெரியாது. ஒரு புட்டியைப் பற்றிக் கண் சொல்வது பாதிதான். மீதியை மூக்குதான் சொல்லவேண்டும்.

அக்கா ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் வந்தாள். "குடு கப்பலு, நான் பாக்கறேன்" என்றாள், ஏதோ தினமும் விளையாட்டுக்குச் செய்வது மாதிரி. கையை நீட்டினாள். கொடுத்திருந்தால் அவர் மூக்கு விஷயம் வெளியே வராமலே போயிருக்கும்.

அதற்குள் மகள் கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு உங்களுக்குத் தெரியலையா, அந்த வாடை?"

கடிதத்தில் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை கேட்டவள் எதிரிலேயே நின்றிருந்தாள். அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா மெதுவாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

"எனக்கு வாசனை தெரியாதும்மா" என்றார். "ஆறு வருஷமாச்சு. கப்பல்ல வாயு கசிஞ்சதுல போயிடுச்சு. எது கெட்டுது, எது கருகுதுன்னு எனக்குத் தெரியாது. அன்னிக்கு கறுப்பு இருந்ததப் பார்த்தேன். வாடை வரும்னு தோணவே இல்ல."

மேற்பார்வையாளர் ஓர் அடி முன்னால் வந்தார்.

"என்னண்ணே சொல்றீங்க? இவ்வளவு நாளா?"

"சேர்ந்த நாள்லேருந்து சார்."

"எத்தன பேருக்குக் குடுத்திருக்கீங்க. ஏதாவது ஒண்ணு கெட்டுப்போயி..." அவர் குரல் உயரவில்லை, தளர்ந்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எடுத்திருக்கமாட்டீங்க சார்."

"இல்லதான்" என்றார் மேற்பார்வையாளர். சட்டைப் பையிலிருந்த பேனாவைச் சரிசெய்துகொண்டு, "நாளைக்கு இங்க வரவேணாம். நேரா ஆபீசுக்கு வாங்க" என்றார்.

"சரிங்க சார்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நடைக்குப் போனாள். வாளியை நகர்த்திய சத்தம் கேட்டது, துடைக்கும் சத்தம் கேட்கவில்லை.

மகள் இன்னும் நின்றிருந்தாள். மன்னிப்பும் சொல்லவில்லை, கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொல்லவில்லை. கப்பல் அதை எதிர்பார்க்கவும் இல்லை. திறந்த புட்டியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே மோந்து பாருங்கம்மா. புளிச்ச வாடை, ஈஸ்ட் மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க. இருந்தா நான் செய்யமாட்டேன்."

அவள் புட்டியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடிக்கொண்டாள். தேவைக்கு மேலாகவே அப்படி நின்றாள்.

"புளிப்பு இல்ல. பூண்டு வாடை. அப்புறம் அந்தக் கருகினது." கண்ணைத் திறந்தாள். "அம்மா கையில இந்த வாடை இருந்தது. மருந்துன்னு நெனச்சேன்."

அவர் கையைக் கழுவினார். முழங்கை வரைக்கும், எப்போதும் போல. ரொட்டியில் இரண்டு துண்டு எடுத்தார். ஒன்றில் கடலை விழுதைத் தடவினார், ஓரம் விடாமல். மற்றதில் எண்ணெய், சீஸ். வெள்ளரியும் தக்காளியும் அடுக்கினார். புட்டிக்குள் சுத்தமான கரண்டியை விட்டு ஒரு மிளகாயை எடுத்துத் தாளில் வைத்து எண்ணெயை ஒற்றினார். விரித்துப் பார்த்தபோது நடுவில் நகம் அளவுக்குக் கறுப்பு ஒட்டியிருந்தது. கத்தி முனை அதனருகே போய் நின்றது.

"சுரண்டிடட்டுமா?"

"வேணாம். இருக்கட்டும்."

அப்படியே வைத்தார். புதினா கிள்ளினார். மூடினார். ஈரத்துணியைப் போர்த்திப் பலகை வைத்தார். "கொஞ்ச நேரம் அழுந்தணும்மா" என்றார். அவள் சரி என்றாள். உட்கார நாற்காலி இல்லை, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேற்பார்வையாளர் போகவில்லை. கதவுநிலையில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடைக்கு அப்பால் உலையின் சீரான இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூவரும் அதைக் கேட்டபடி நின்றார்கள்.

கால் மணி கழிந்தது. அவர் பலகையை எடுத்தார். ஓரங்களை வெட்டி, மூலைக்கு மூலையாக நறுக்கினார். இரண்டு பாதிகளையும் வெள்ளைத் தட்டில் வைத்து, தட்டின் விளிம்பைத் துணியால் ஒரு முறை துடைத்துவிட்டு, மேசைக்கு மேலாக நீட்டினார். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.